புறவோட்டின் தொடக்கக் கோப்பு: கருவி, சூழல், வரலாறு

கருவிகளைப் பற்றிப் பேசுதல் இலக்கிய ஆய்வாளனின் பணியன்று என்ற எண்ணம் எம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பனுவலும் பொருளும் சமூகப் பின்னணியும் ஆய்வுக்குரியனவாகக் கொள்ளப்படும். எழுத்தாணியும் அச்சுப்பொறியும் ஆய்வின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படும். ஆயின், ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த காலத்தில் சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோர் எதிர்நோக்கிய சிக்கல்களிற் பல, ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமை போன்ற கருவி சார்ந்த சிக்கல்களே என்பதை நாம் அறிவோம். இன்று எமது சொல்லடைவுகளும் பாட ஒப்பீடுகளும் கணினியில் நிகழ்கின்றன. எனவே கணினியின் இயல்பை ஓரளவேனும் அறிந்துகொள்ளுதல் ஆய்வுநேர்மையின் ஒரு கூறாகிவிட்டது.

அவ்வியல்பின் ஒரு சிறு பகுதியை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. யூனிக்ஸ் மரபைச் சேர்ந்த பணிசெயல் முறைமைகளில், எழுத்து வடிவிலான கட்டளைகளைப் பெற்று நிறைவேற்றும் செய்நிரலொன்று உண்டு. அது தொழிற்படத் தொடங்கும்போது படிக்கும் கோப்பு யாது, அதனை ஆய்வாளன் தன் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்வது எவ்வாறு, அவ்வாறு அமைக்கையில் நேரக்கூடிய வழுக்கள் யாவை என்பனவே இங்கு விளக்கப்படுவன.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு அவசியமாகின்றது. இச்செய்நிரலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ‘ஷெல்’ என்பதாகும். எம் நாட்டில் இச்சொல் காதில் விழுந்ததும் மனத்தில் எழும் பொருள் வேறு. பதுங்குகுழிகளோடு சேர்ந்து எம்மொழிக்குள் வந்த சொல் அது. ஆதலின் இக்கட்டுரை ‘புறவோடு’ என்ற சொல்லையே கையாள்கின்றது. கட்டளைகளினதும் கோப்புகளினதும் பெயர்கள் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. கணினியில் அவை ஆங்கில எழுத்துகளிலேயே எழுதப்படல் வேண்டும்.

1. புறவோட்டின் தோற்றமும் அதன் சமூகப் பின்னணியும்

கணினியின் வன்பொருளை நேரடியாக ஆளும் செய்நிரற் பகுதி ‘கரு’ எனப்படும். அக்கருவைச் சூழ்ந்து நின்று, மனிதன் இடும் கட்டளையை வாங்கி, உரிய செய்நிரலைக் கண்டுபிடித்து, அதனை இயக்குமாறு கருவைக் கேட்பது புறவோடாகும். இப்பெயரை வழங்கியவர் பிரெஞ்சு நாட்டவரான லூயி பூசான் ஆவார். மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1960களின் முற்பகுதியில் அவர் ‘றன்கொம்’ என்றொரு செய்நிரலை எழுதினார். கட்டளைகளைக் கோப்பொன்றிலே வரிசையாக எழுதிவைத்து, அவற்றை ஒருசேர நிறைவேற்றச் செய்வதே அதன் பணி. ‘கட்டளைகளை ஓட்டு’ என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கமே ‘றன்கொம்’. இன்றைய தொடக்கக் கோப்புகள் பலவற்றின் பெயரீற்றில் நிற்கும் ‘ஆர்சி’ என்ற இரண்டெழுத்து இச்சொல்லின் எச்சமே. பொருள் மறந்து போய் வடிவம் மட்டும் எஞ்சும் சொற்களை மொழிவரலாற்றில் நாம் கண்டிருக்கின்றோம், அத்தகையதே இதுவும்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் யூனிக்ஸ் முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அதன் முதலாவது புறவோட்டை எழுதியவர் தொம்சன். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்ரீபன் போர்ன் எழுதிய புறவோடு இடம்பெற்றது. புகுபதிகை செய்யும்போது ‘.புரொபைல்’ என்ற கோப்பை அது படித்தது. போர்ன் அல்கோல் 68 என்ற நிரன்மொழியில் ஈடுபாடு கொண்டவர். அம்மொழியைப் பின்பற்றி, ‘இஃப்’ எனத் தொடங்கும் நிபந்தனைக் கூற்றை அதன் எழுத்துகளைத் தலைகீழாக்கி ‘ஃபை’ என்று முடித்தார். அதே விதிப்படி ‘டூ’ என்பதன் முடிவு ‘ஓடி’ என அமைந்திருக்க வேண்டும். ஆனால், அப்பெயரில் ஏற்கெனவே வேறொரு செய்நிரல் இருந்தமையால் அது ‘டன்’ ஆயிற்று. இன்று புறவோட்டு மொழியைக் கற்கும் மாணவன் இலக்கண விதியென்று மனனஞ் செய்வது, ஒரு மனிதரின் விருப்பும் ஓர் இடநெருக்கடியும் விட்டுச்சென்ற சுவடேயாகும்.

இக்காலப்பகுதியில் யூனிக்ஸ் பரவிய முறை கவனத்திற்குரியது. பெல் ஆய்வுகூடம் அமெரிக்கத் தொலைபேசி தந்திக் கம்பனிக்கு உரியது. ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் 1956இல் ஏற்பட்ட இணக்கத் தீர்ப்பின்படி, தொலைத்தொடர்பு தவிர்ந்த துறைகளில் வணிகஞ் செய்ய அக்கம்பனிக்கு இடமிருக்கவில்லை. எனவே யூனிக்ஸைச் சந்தைப் பண்டமாக விற்க இயலாத நிலையில், மூல நிரலோடு சேர்த்துப் பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் அது வழங்கப்பட்டது. பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பில் ஜோய் எழுதிய ‘சி’ புறவோடு இச்சூழலில் 1970களின் இறுதியிற் பிறந்ததே. கட்டளைகளுக்கு மாற்றுப்பெயர் இடுதல், முன்னிட்ட கட்டளைகளை மீட்டெடுத்தல் ஆகிய வசதிகளை அது தந்தது; ‘.சிஷார்சி’ என்ற தொடக்கக் கோப்பைக் கொண்டிருந்தது.

1984இல் அக்கம்பனி பிரிக்கப்பட்டபோது பழைய தடையும் நீங்கிற்று; யூனிக்ஸ் முழுமையான வணிகப் பொருளாயிற்று. பொதுவில் வளர்ந்த ஒன்று வேலியிடப்பட்ட நிகழ்ச்சி இது. இதற்கு முன்னரே, 1983இல், றிச்சாட் ஸ்ரோல்மன் குனு திட்டத்தை அறிவித்திருந்தார். எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள முறைமையொன்றைப் படைத்தலே அதன் நோக்கமாகும். அத்திட்டத்துக்கெனப் பிறையன் பொக்ஸ் எழுதி 1989இல் வெளிவந்ததே ‘பாஷ்’ என்ற புறவோடு. ‘மீண்டும் போர்ன் புறவோடு’ என்ற தொடரின் முதலெழுத்துகளால் அமைந்தது அப்பெயர்; ‘மறுபிறப்பு’ என்ற பொருளிலும் அது சிலேடையாக ஒலிக்கின்றது. லினக்ஸ் முறைமைகள் பெரும்பாலானவற்றில் மனிதன் எதிர்கொள்ளும் புறவோடு இதுவே. ஆதலின் இனிவரும் விளக்கம் பாஷினை மையமாகக் கொண்டு அமையும்.

2. தொடக்கக் கோப்பு எப்போது படிக்கப்படுகின்றது?

தொடக்கக் கோப்பு என்பது சாதாரண எழுத்துக் கோப்பேயாகும். முடிவிடத்திற் கையால் எழுதக்கூடிய கட்டளைகள் அதிலே வரிக்கு ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். புறவோடு தொழிற்படத் தொடங்குகையில் அக்கோப்பை மேலிருந்து கீழாகப் படித்து, ஒவ்வொரு வரியையும் நிறைவேற்றிவிட்டே பயனாளரின் கட்டளைக்குக் காத்திருக்கும். இது எளிது. எந்தக் கோப்பு, எந்த வேளையிற் படிக்கப்படுகின்றது என்பதே குழப்பத்துக்கு இடமாகின்றது.

பாஷ் மூன்று நிலைகளிலே தொழிற்படலாம். முதலாவது, புகுபதிகைப் புறவோடு. பயனாளர் தம் பெயரும் கடவுச்சொல்லும் தந்து முறைமைக்குள் நுழையும்போது பிறப்பது இது. முறைமை முழுவதற்கும் பொதுவான ‘புரொபைல்’ கோப்பை இது முதலிற் படிக்கும். பின்னர், பயனாளரின் இல்ல அடைவில் ‘.பாஷ்_புரொபைல்’, ‘.பாஷ்_லொகின்’, ‘.புரொபைல்’ ஆகிய மூன்றையும் இதே ஒழுங்கில் தேடி, முதலிற் கிடைக்கும் ஒன்றை மட்டும் படிக்கும். ஏனையவற்றைத் திரும்பியும் பார்க்காது. இரண்டாவது, புகுபதிகை சாராத உரையாடற் புறவோடு. ஏற்கெனவே நுழைந்திருக்கும் ஒருவர் திரையில் முடிவிடச் சாளரமொன்றைத் திறக்கும்போது லினக்ஸ் முறைமைகளிற் பெரும்பாலும் பிறப்பது இதுவே. இது ‘.பாஷ்ஆர்சி’ கோப்பைப் படிக்கும். மூன்றாவது, உரையாடல் அற்ற புறவோடு. கோப்பில் எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பை நிறைவேற்றும்பொருட்டுத் தோன்றி மறைவது இது. சிறப்பான சூழல் மாறியொன்று வேறுவிதமாகக் குறித்தாலன்றி, மேற்கூறிய தொடக்கக் கோப்புகளில் எதனையும் இது படிப்பதில்லை.

இப்பாகுபாட்டிலிருந்து இரு நடைமுறை முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, எல்லா உரையாடல்களுக்கும் வேண்டியவற்றை ‘.பாஷ்ஆர்சி’யில் எழுதி, ‘.பாஷ்_புரொபைல்’ கோப்பில் “அதனைப் படி” என்ற ஒரு வரியைச் சேர்த்தல் நன்று. அவ்வாறு செய்யின் எவ்வழியாக நுழைந்தாலும் ஒரே சூழல் வாய்க்கும். மற்றொன்று, ‘.புரொபைல்’ கோப்பிலே தம் ஏற்பாடுகளை எழுதிவைத்திருக்கும் ஒருவருக்கு, வேறொரு மென்பொருளின் நிறுவற் செய்நிரல் ‘.பாஷ்_புரொபைல்’ என்ற கோப்பைப் புதிதாக உண்டாக்கிவிட்டால், அவரது பழைய கோப்பு அழியாமலே செயலிழந்துவிடும். கோப்பு இருக்கின்றது, படிக்கப்படவில்லை என்ற நிலை இவ்வாறு எழுகின்றது.

இக்கோப்புகளின் பெயர்கள் புள்ளியிலே தொடங்குவதும் அவை சாதாரணப் பட்டியலில் தென்படாதிருப்பதும் புதியவர்களை மயக்குவனவாகும். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. யூனிக்ஸ் முறைமையில் ஒவ்வோர் அடைவும் தன்னைக் குறிக்க ஒரு புள்ளியையும் தன் தாயடைவைக் குறிக்க இரு புள்ளிகளையும் பெயராகக் கொண்டுள்ளது. பட்டியலில் இவையிரண்டும் தோன்றாதிருக்க வேண்டுமென எண்ணியவர்கள், முதலெழுத்துப் புள்ளியாயின் விட்டுவிடு என்று சுருக்கமாக எழுதிவிட்டனர். அதன் விளைவாகப் புள்ளியிலே தொடங்கும் எல்லாப் பெயர்களும் மறைந்தன. இது திட்டமிட்ட வசதியன்று, கவனக்குறைவின் விளைவே என்று பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய றொப் பைக் 2012இல் எழுதினார். தற்செயலொன்று மரபாகி, மரபு விதியாகும் போக்கினை இங்கு காண்கிறோம்.

3. சூழல் என்னும் கருத்து

தொடக்கக் கோப்பின் உள்ளடக்கத்தை விளங்கிக்கொள்வதற்குச் ‘சூழல்’ என்ற கருத்து இன்றியமையாதது. இயங்கும் ஒவ்வொரு செய்நிரலும் பெயரும் மதிப்புமாக அமைந்த ஒரு தொகுதியைத் தன்னுடன் கொண்டிருக்கும். அச்செய்நிரல் மற்றொன்றைப் பிறப்பிக்கும்போது இத்தொகுதியின் படியொன்று பிள்ளைக்குக் கையளிக்கப்படும். பிள்ளை தன் படியில் எம்மாற்றத்தைச் செய்யினும் அது தாயைச் சென்றடையாது. மரபுரிமை எப்பொழுதும் ஒரு திசையிலேயே செல்கின்றது. இதனாலேயே, தொடக்கக் கோப்பைத் திருத்தியபின் அதனைத் தனிச் செய்நிரலாக இயக்கினால் ஒரு பயனும் விளைவதில்லை. மாற்றங்கள் பிள்ளையோடு பிறந்து பிள்ளையோடு மடியும். ‘சோர்ஸ்’ என்ற கட்டளையால், இப்போது இயங்கும் புறவோடே அதனைப் படிக்குமாறு செய்தல் வேண்டும்.

சூழல் கையளிக்கப்படும் இம்முறையின் ஆழத்தை 2014ஆம் ஆண்டு செப்தெம்பரில் உலகம் உணர்ந்தது. பாஷில், செயற்கூறுகளையும் சூழலின் வழியே பிள்ளைப் புறவோட்டுக்கு வழங்க இயலும். அவற்றைப் பெறும்போது, செயற்கூற்றின் வரைவிலக்கணத்துக்குப் பின்னால் எழுதப்பட்டிருக்கும் எதனையும் பாஷ் கேள்வியின்றி நிறைவேற்றிவிடுகின்றது என்பதை ஸ்ரெபான் ஷசெலா கண்டறிந்தார். இணைய வழங்கிகள் பல, வெளியார் அனுப்பும் சொற்களைச் சூழல் மாறிகளிலே வைத்துச் செய்நிரல்களுக்குக் கொடுத்து வந்தமையால், தொலைவிலுள்ள எவரும் அவ்வழங்கிகளில் தம் கட்டளையை ஓட்ட முடிந்தது. இவ்வழு 1989ஆம் ஆண்டு முதலே நிரலில் இருந்து வந்தது. கால் நூற்றாண்டுக் காலம் எண்ணற்ற கணினிகளில் அது உறங்கிக் கிடந்தது. கருவியிற் கடந்தகால உழைப்பு உறைந்து கிடக்கின்றது என மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாந் தொகுதியில் (1867) காட்டினார். அவ்வுழைப்பின் தவறுகளும் அதனோடு சேர்ந்தே உறைந்து கிடக்கின்றன என்பதற்கு இது சான்றாகும்.

4. கோப்பில் எழுதத்தக்கவை

இலக்கிய ஆய்வாளர் ஒருவரின் தொடக்கக் கோப்பில் இடம்பெறத்தக்கவற்றை ஐந்தாக வகுக்கலாம்.

(அ) பாதை. ‘பாத்’ என்ற சூழல் மாறி, கட்டளைக்குரிய செய்நிரலை எந்தெந்த அடைவுகளில் எந்த ஒழுங்கிலே தேட வேண்டும் என்பதைக் கூறும். ஆய்வாளர் தாமே எழுதிய சிறு செய்நிரல்களை இல்ல அடைவுக்குள் ஓரிடத்தில் வைத்து, அவ்விடத்தைப் பாதையிற் சேர்க்கலாம். பழைய மதிப்பை அழித்துவிடாது அதனுடன் கூட்டி எழுதுதல் வேண்டும். இல்லையேல் அன்றாடக் கட்டளைகளே அகப்படாது போகும். ‘இப்போதுள்ள அடைவு’ என்பதைக் குறிக்கும் புள்ளியைப் பாதையின் முன்னே சேர்த்தலும் தகாது. பலர் பயன்படுத்தும் அடைவில், வழக்கமான கட்டளையின் பெயரிலேயே வேறொரு செய்நிரலை எவரேனும் வைத்துவிடின் அதுவே இயங்கும்.

(ஆ) மொழி. ‘லாங்’ என்ற மாறியும், ‘எல்சி’ என்று தொடங்கும் மாறிகளும் எழுத்துமுறை, அகரவரிசை, திகதி முதலியவற்றை எம்மொழியின் விதிப்படி கையாள்வது என்பதைத் தீர்மானிக்கின்றன. இலங்கைத் தமிழுக்கென ஓர் அடையாளக் குறியும் உண்டு. அதற்குரிய விதித்தொகுதி கணினியில் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். இதனைப் பற்றிப் பின்னர் விரிவாக நோக்குவோம்.

(இ) அழைப்புக்குறி. கட்டளைக்குக் காத்திருக்கும்போது புறவோடு காட்டும் குறி ‘பிஎஸ்1’ என்ற மாறியால் அமைக்கப்படுகின்றது. கணினியின் பெயரும் அடைவின் பெயரும் அதில் தோன்றுமாறு செய்தல் அலங்காரமன்று. தொலைவிலுள்ள கணினியொன்றில் நுழைந்து பணிபுரிவோர், எந்தக் கணினியிற் கோப்பை அழிக்கின்றோம் என்பதை அக்குறியாலேயே அறிவர்.

(ஈ) வரலாறு. இட்ட கட்டளைகளைப் பாஷ் நினைவில் வைத்திருக்கும். ‘ஹிஸ்ட்சைஸ்’ மாறி குறிக்கப்படாவிடின் அந்நினைவு 500 கட்டளைகளுக்கு மட்டுமே. அதனைப் பெருக்கலாம். சாளரங்கள் பலவற்றைத் திறந்து வைத்திருப்போர், இறுதியாக மூடப்படும் சாளரம் ஏனையவற்றின் வரலாற்றை மேலெழுதிவிடாதபடி, பழையதன் பின்னே சேர்க்குமாறு பணித்தல் வேண்டும். ஓர் ஆய்வு முடிவு எவ்வழியாகப் பெறப்பட்டது என்பதை மீட்டுப் பார்ப்பதற்கு இதுவே பல வேளைகளில் ஒரே ஆவணமாகின்றது.

(உ) மாற்றுப்பெயரும் செயற்கூறும். நீண்ட கட்டளைகளுக்குச் சுருக்கப் பெயர் இடுதல் ‘ஏலியஸ்’ எனப்படும். பல படிகள் கொண்ட வேலைக்குச் செயற்கூறு பொருத்தமானது. கோப்பை அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளை ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்குமாறு அதே பெயரில் மாற்றுப்பெயர் இடும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது பாதுகாப்புப் போலத் தோன்றினும் ஆபத்தானது. கேட்கும் என்ற பழக்கத்தில் ஊறியவர், அவ்வேற்பாடு இல்லாத மற்றொரு கணினியில் அதே கட்டளையை இடுவார்; அது கேளாமலே அழிக்கும். தவிரவும், உரையாடல் அற்ற புறவோட்டில் மாற்றுப்பெயர்கள் இயல்பாக விரிக்கப்படுவதில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

கோப்பைத் திருத்துமுன் படியொன்று எடுத்துவைத்தலும், திருத்தியபின் திறந்திருக்கும் சாளரத்தை மூடாமற் புதிய சாளரமொன்றிற் சோதித்தலும் நல்ல பழக்கங்களாம். கோப்பிற் பிழை நேர்ந்து புறவோடு நிலைகுலையின், ‘நோஆர்சி’ என்ற தெரிவுடன் பாஷைத் தொடக்கினால் அது ‘.பாஷ்ஆர்சி’யைப் படியாது தொழிற்படும். கடவுச்சொற்களை இக்கோப்பில் எழுதிவைத்தலாகாது.

5. ‘உழைப்பு’ காணாமற் போன கதை

இக்கட்டுரையாசிரியன் இவ்விடயத்திற் கவனஞ் செலுத்த நேர்ந்தமைக்குக் காரணமான நிகழ்ச்சியொன்றை இங்கு கூறுதல் பொருந்தும். 1930களைச் சேர்ந்த ஏடொன்றினதும் 1950களைச் சேர்ந்த ஏடொன்றினதும் சொற்றொகுதிகளை ஒப்பிட்டு, பிந்தியதில் மட்டும் காணப்படும் சொற்களைப் பிரித்தெடுப்பதே நோக்கமாக இருந்தது. தட்டச்சிட்ட பனுவல்களைச் சொற்களாகப் பிரித்து, ‘சோர்ட்’ கட்டளையால் வரிசைப்படுத்தி, இரு பட்டியல்களையும் ‘கொம்’ என்ற கட்டளையால் ஒப்பிடுதல் வழிமுறை. முந்திய ஏட்டின் பட்டியலை முடிவிடத்திற் கையாற் கட்டளையிட்டு வரிசைப்படுத்தினேன். பிந்திய ஏட்டின் தொகுதி பெரிது. ஆதலின் இரவில் தானாக இயங்குமாறு நேர அட்டவணைச் செய்நிரலிடம் அதனை ஒப்படைத்தேன். ஒப்பீட்டினை மறுநாட் கையாற் செய்தேன்.

பிந்திய ஏட்டுக்கு மட்டும் உரியனவாகக் கிடைத்த சொற்களில் ‘உழைப்பு’ என்பதும் ஒன்று. வர்க்க உணர்வின் வளர்ச்சி சொற்றொகுதியிற் பதிவாகியிருப்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எதனை விரும்ப முடியும்? கருத்தரங்கக் கட்டுரையின் மையமாக அச்சொல் அமைந்தது. கட்டுரையை வாசித்துப் பார்த்த மாணவி ஒருவர், “சேர், பழைய ஏட்டின் தலையங்கம் ஒன்றிலேயே இந்தச் சொல் இருக்கிறதே” என்று பக்கத்தை எடுத்துக் காட்டினார்.

நடந்தது இதுதான். தமிழ் மொழிக்குரிய அடையாளத்தை இக்கட்டுரையாசிரியன் ‘.பாஷ்ஆர்சி’யில் எழுதியிருந்தான். கையால் இட்ட கட்டளைகள் அதனைப் பெற்றன. இரவில் இயங்கிய தொகுப்போ உரையாடல் அற்ற புறவோட்டில் இயங்கியமையால் அக்கோப்பைப் படிக்கவில்லை. மொழி குறிக்கப்படாத நிலையில் எழுத்துகளின் குறியீட்டெண் ஒழுங்கிலேயே அது வரிசைப்படுத்திற்று. யுனிகோட்டின் தமிழ்ப் பகுதி, 1988ஆம் ஆண்டின் இந்தியக் குறியீட்டு நியமத்தைத் தழுவியது. அந்நியமம் இந்திய மொழிகள் யாவற்றுக்கும் ஒரு பொதுச் சட்டகத்தை விதித்தது. அச்சட்டகத்தில், தமிழுக்குச் சிறப்பான எழுத்துகள் நெடுங்கணக்கின் இறுதியில் நில்லாது, ஒலியால் அண்மித்த எழுத்துகளின் அருகே வைக்கப்பட்டன. ‘ந’வை அடுத்து ‘ன’ வருகின்றது. ‘ர’வை அடுத்து ‘ற’. பின்னர் ‘ல, ள, ழ, வ’ என்ற ஒழுங்கு. எமது நெடுங்கணக்கோ ‘ய, ர, ல, வ, ழ, ள, ற, ன’ என்பதாகும்.

எனவே, நெடுங்கணக்குப்படி ‘உழைப்பு’ முன்னும் ‘உளம்’ பின்னும் வரும்; குறியீட்டெண்படி ‘உளம்’ முன்னும் ‘உழைப்பு’ பின்னும் வரும். ‘கொம்’ கட்டளை இரு பட்டியல்களும் ஒரே ஒழுங்கில் உள்ளன என்று நம்பி, இரண்டின் தலைப்பிலும் நிற்கும் சொற்களை ஒப்பிட்டுக்கொண்டே கீழிறங்கும். முதற்பட்டியலின் ‘உழைப்பு’வும் இரண்டாம் பட்டியலின் ‘உளம்’மும் எதிர்ப்பட்டபோது, முன்னையது முதற்பட்டியலுக்கு மட்டும் உரியதெனத் தள்ளப்பட்டது. அடுத்து ‘உளம்’ இரண்டிலும் பொதுவெனக் கொள்ளப்பட்டது. பின்னர் இரண்டாம் பட்டியலில் வந்த ‘உழைப்பு’ தனக்கு இணை காணாது, அப்பட்டியலுக்கு மட்டும் உரியதாயிற்று. ஒரே சொல் இரு ஏடுகளுக்கும் தனியுரிமையானதாக அறிவிக்கப்பட்ட இம்முரண்பாடு, பிந்திய ஏட்டின் நிரலை மட்டும் கேட்டிருந்தமையாற் கண்ணுக்குத் தென்படவில்லை. ஒழுங்கு பிறழ்ந்துள்ளது என ‘கொம்’ எச்சரித்திருக்கும். அத்தகைய செய்திகளைக் காட்டாது விடுமாறு முன்பொருநாள் வேறொரு தேவைக்காக எழுதிய செயற்கூறு ஒன்று தொடக்கக் கோப்பிலே கிடந்தது. ஒப்பீடு அதன்வழியே நடைபெற்றிருந்தது.

பட்டியல்களைக் கண்ணால் நோக்கியபோதும் பிழை புலப்படாமைக்கு மொழியியற் காரணமொன்றும் உண்டு. இடம்மாறி நிற்கும் ழ, ள, ற, ன ஆகிய நான்கும் தமிழில் மொழிமுதல் வாரா. ஆதலின் சொற்களின் முதலெழுத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு பட்டியல்களும் நெடுங்கணக்குப்படியே அமைந்தனவாகத் தோன்றும். வேறுபாடு சொல்லின் உள்ளே, இரண்டாம் மூன்றாம் எழுத்துகளில் மறைந்திருக்கும். ‘மரம்’, ‘மனம்’, ‘கவிதை’, ‘களம்’ என்ற இணைகளைச் சோதிப்பின் இது தெளிவாகும்.

இதிலிருந்து பெற்ற பாடம் இரண்டு. தொழினுட்பப் பாடம் எளியது. முடிவை நிர்ணயிக்கும் எதனையும் தொடக்கக் கோப்பின் பொறுப்பில் விட்டுவிடலாகாது. வரிசைப்படுத்தும் தொகுப்பின் முதல் வரியிலேயே ‘எல்சி_ஆல்’ மாறியை வெளிப்படையாகக் குறித்து, வரிசைப்படுத்தல், ஒப்பீடு ஆகிய இரண்டையும் ஒரே விதியின் கீழ் நடத்துதல் வேண்டும். அம்மாறி ஏனைய மொழி மாறிகள் யாவற்றையும் மேவி நிற்கும். எந்த விதி என்பதைக் காட்டிலும் ஒரே விதி என்பதே இங்கு முக்கியம். தொடக்கக் கோப்பு கைக்கு இதமான பழக்கங்களுக்கு உரிய இடம். ஆய்வின் நியமங்களுக்கு உரிய இடம் ஆய்வோடு சேர்ந்து செல்லும் தொகுப்பாகும்.

மற்றைய பாடம் கசப்பானது. தான் எதிர்பார்த்த விடையைக் கருவி தந்தபோது அதனை ஆய்வாளன் ஐயுறவில்லை. வேறொரு சொல் அவ்வாறு வந்திருப்பின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருப்பான். விஞ்ஞானபூர்வமான நோக்கு என்று நாம் உரிமை கொண்டாடுவது, எமக்கு உவப்பான சான்றுகளையே முதலிற் சோதிக்க வேண்டும் என்ற கடப்பாட்டையும் உள்ளடக்கியதாகும். கருத்தரங்குக் கட்டுரை மீள எழுதப்பட்டது. சொல்லின் தோற்றத்தை விடுத்து, அதன் வழக்கெண்ணிக்கையையும் அது இணைந்து நிற்கும் சொற்களையும் ஆராய்வதாக அது மாறிற்று.

6. தனியுடைமையும் பொதுமையும்

தொடக்கக் கோப்பு ஒருவருக்கே உரியது, மறைந்திருப்பது, ஆண்டுகள் செல்லச் செல்ல வரிவரியாக வளர்வது. இதனால் அது ஒருவரின் தொழிற் பழக்கத்தின் சுருக்க வரலாறாகின்றது. அதேவேளை, அவரின் ஆய்வை மற்றொருவர் மீளச் செய்து பார்ப்பதற்குத் தடையாகவும் அது அமையலாம். ஒவ்வொரு வரிக்கும் மேலே அது எழுதப்பட்ட காரணத்தைக் குறிப்பாக எழுதிவைத்தலும், மாற்றங்களைப் பதிவுசெய்யும் முறைமையொன்றிற் கோப்பைப் பேணுதலும், கடவுச்சொல் முதலியன நீங்கலாக அதனைச் சக ஆய்வாளரோடு பகிர்தலும் இத்தடையை நீக்கும். உலகெங்கும் நிரலாளர்கள் தம் புள்ளிக் கோப்புகளைப் பொதுவில் வைத்து ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியுள்ளது.

புறவோட்டைத் தெரிவுசெய்வதிலும் உடைமை உறவுகள் குறுக்கிடாமல் இல்லை. 2007இல் வெளிவந்த குனு பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, தன் கீழ் வரும் மென்பொருளைச் சாதனங்களிற் பூட்டி வைப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. பாஷ் 2009இல் வந்த அதன் நான்காம் பதிப்பு முதல் அவ்வுரிமத்தின் கீழ் வெளிவருகின்றது. அப்பிள் கம்பனி பழைய உரிமத்தைக் கொண்ட 3.2ஆம் பதிப்பிலேயே நின்றுவிட்டது; 2019இல் தன் கணினிகளின் இயல்பான புறவோடாக ‘இசட்’ புறவோட்டை ஏற்றது. உரிமமே இதற்குக் காரணம் எனப் பரவலாகக் கருதப்படுகின்றது. அக்கணினிகளைப் புதிதாக வாங்குவோர் ‘.பாஷ்ஆர்சி’யில் எழுதியவை பயனற்றிருப்பதைக் கண்டு திகைத்தல் இதனாலேயே, அவர்கள் ‘.இசட்ஷார்சி’ என்ற கோப்பில் எழுதுதல் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, தொடக்கக் கோப்பு சில வரிகள் கொண்ட சிறிய பொருளேயாயினும், அதிலே பலருடைய உழைப்பும் தற்செயல்களும் நிறுவனங்களின் நலன்களும் படிந்துள்ளமை புலனாகும். கருவியை உள்ளவாறே ஏற்றுக்கொள்பவன் அதன் வரலாற்றையும் அறியாமலே ஏற்றுக்கொள்கின்றான். அதனைத் திறந்து வாசித்து, வரிக்கு வரி காரணங் கேட்டு, வேண்டியதை வைத்து வேண்டாததை நீக்குபவன், பனுவலை வாசிக்கும் அதே திறனையே தன் கருவியின்மீதும் செலுத்துகின்றான். இலக்கிய மாணவர் இதற்குத் தகுதியற்றவர் அல்லர். பாடவேறுபாடு கண்டு, சுவடியின் மூலத்தைத் தேடி, இடைச்செருகலை இனங்காணும் பயிற்சி அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. தமது இல்ல அடைவில் மறைந்திருக்கும் கோப்பை இன்றே ஒருமுறை திறந்து வாசித்தல் அதற்குத் தக்க தொடக்கமாகும்.